பதினொன்று காத்த நாலாயிரம்



இந்தக் குருகூரில் நடந்த முதல் உபதேசமே தீனியைப் பற்றிய கேள்வியில்தான் தொடங்கியது. புளியமரத்தடியில் 16 வருஷம் வாய் திறக்காமல் எழுந்தருளியிருந்தார் சடகோபராகிய நம் ஆழ்வார். திருக்கோளூரில் பிறந்து அயோத்தி வரை யாத்திரை போன மதுரகவிகள், தெற்கே தெரிந்த ஒளியைப் பின்பற்றி இங்கே வந்து சேர்ந்தார். ஜடமான உடம்பில் உயிர் வந்து புகுந்தால் அது எதைத் தின்னும், எங்கே கிடக்கும் என்று கேட்டார். அந்த உடம்பின் சுகதுக்கத்தையே தின்று அங்கேயே கிடக்கும் என்று பதில் வந்தது. கேட்டவர் வயதில் மூத்தவர், அந்தணர். சொன்னவர் வேளாளர் குலத்தில் அவதரித்த பிள்ளை. மூத்தவர் விழுந்து சேவித்தார். கற்றுக்கொள்வதற்கு வயசும் குலமும் தடையில்லை என்பதை அன்றைக்கே இந்த ஊர் காட்டிவிட்டது.

அப்படிப்பட்ட ஊரின் பாசுரங்களே ஒரு காலத்தில் வழக்கொழிந்து போயின. காட்டுமன்னார்கோயிலில் இருந்த நாதமுனிகள், யாத்திரையாக வந்தவர்கள் ‘ஆராவமுதே’ பதிகம் சேவிப்பதைக் கேட்டார். அது ஆயிரத்தில் ஒரு பத்து என்று பதிகமே சொல்கிறது. மீதி எங்கே என்றால், வந்தவர்களுக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டு குருகூருக்கு வந்தார். மதுரகவிகளின் வழியில் வந்த பராங்குசதாசரிடம் இருந்தது ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ மட்டும்; மொத்தம் 11 பாசுரம். அதைப் புளியமரத்தடியில் 12,000 உரு சொன்னார். ஆழ்வார் பிரசன்னமாகி நாலாயிரம் பாசுரங்களையும் அருளினார் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி.

கவனியுங்கள். நாலாயிரம் போனது, சொல்லிக்கொடுப்பது நின்றதால். திரும்பி வந்தது, ஒரு பரம்பரை அந்தப் பதினொன்றை விடாமல் சொல்லிக்கொடுத்து வந்ததால். நாதமுனிகளும் கிடைத்ததைப் பூட்டி வைக்கவில்லை. மருமக்கள் மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவருக்கும் பண்ணோடு கற்பித்தார். அந்த வழியில் வந்த அரையர் சேவையை ஸ்ரீரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் ஊரிலும் இன்றைக்கும் சேவிக்கிறோம். அப்பா தாளம் பிடிப்பதைப் பார்த்துப் பிள்ளை பிடிக்கிறான்.

வீட்டுத் தளிகை உள்ளுக்கும் இதே கதைதான். கல்யாணம் என்றால் கைமுறுக்கு சுற்றத் தெருவே கூடும். வேட்டியை விரித்து, எண்ணெய் தொட்ட விரலால் மாவை முறுக்கிக்கொண்டே வட்டம் சுற்றுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து புரி ஏற்ற வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்த பேத்திக்கு முதல் சுற்று கோணிக்கொண்டு போகும். பாட்டி அதை உருட்டி மறுபடி அவள் கையிலேயே வைத்து, “இன்னொரு தரம் சுத்துடி” என்பாள். அரிசி இவ்வளவு, உளுந்து இவ்வளவு என்று எழுதி வைக்கலாம். விரலின் பக்குவத்தை எந்த நோட்டில் எழுதுவது? அந்தப் பாட்டி போய்விட்டால், பிறகு பாக்கெட் முறுக்குத்தான்.

செய்ததைத் தனியாக உண்பதும் நம் சம்பிரதாயத்தில் இல்லை. சாற்றுமுறை ஆனதும் தீர்த்தம், சடாரி, அப்புறம் பிரசாதம். பாசுரம் முழுக்கச் சொன்ன பெரியவர் கையிலும், சும்மா நின்ற குழந்தை கையிலும் அதே புளியோதரைதான் விழுகிறது. உண்பதும் பருகுவதும் எல்லாம் கண்ணனே என்று திருக்கோளூர்ப் பதிகத்தில் காட்டினார் ஆழ்வார். அப்படியானால் ஒருவருக்கு அன்னம் இடுவதும் அவனையே கொடுப்பதுதானே? அதில் நம் தெரு, அடுத்த தெரு என்ற கணக்கு ஏது?

வைகாசி விசாகம் ஆழ்வாரின் திருநட்சத்திரம். அந்த உற்சவத்தில் ஒன்பது கருட சேவை பார்க்க ஊர் நிறைந்துவிடும். அதற்கு முன்னால் வீட்டுப் பெரியவரிடம் ஒரு பாசுரமோ ஒரு பலகாரமோ கற்றுக்கொள்ளுங்கள். பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணி, இதுவரை நீங்கள் படியேறாத ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். செய்முறையையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுங்கள்.