கெடுதியும் குற்றமும்

ஒரு காரியம் கெடுதலானது என்பதற்கும் அது குற்றம் என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை நாம் யோசிப்பதில்லை. கஞ்சா விஷயத்தில் இந்தத் தூரம் அறவே மறந்துபோயிற்று. நான் வசிக்கும் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு பையன் பொட்டலத்துடன் பிடிபட்டால் தெருவின் அபிப்ராயம் ஒன்றுதான்: உள்ளே தள்ளு.

சட்டத்துக்கே இவ்வளவு தீர்மானம் கிடையாது. 1985ஆம் வருஷத்திய மத்திய போதைப் பொருள் சட்டம், செடியின் பூத்த, காய்த்த நுனியைத்தான் கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் விலக்கிவிடுகிறது. ஆகவே காசியில் உரிமம் பெற்ற கடையில் பாங்கு வாங்கலாம். அதே செடியின் பூவை வைத்திருந்தால், ஒரு கிலோவுக்கு உட்பட்டதானாலும், ஒரு வருஷம் வரை சிறை. ஒழுக்க நியதி ஒரு செடிக்குள்ளேயே இப்படி இரண்டாகப் பிரியுமா? பிரிவது வழக்கத்துக்கும் சர்வதேச ஒப்பந்தத்துக்கும் இடையே செய்துகொண்ட சமரசம்.

1893இல் வெள்ளைக்கார அரசு நியமித்த கமிஷன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, மிதமான உபயோகத்தால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது. அந்த அரசுக்கு வரி மேல் கண் இருந்தது வாஸ்தவம். 2003 முதல் மதுவைச் சில்லறையில் தானே விற்கும் நம் அரசு அதைக் குறை சொல்ல முடியாது.

கஞ்சா நிரபராதி என்று நான் வாதிக்கவில்லை. இளம் வயதில் மிகுதியாகப் பிடிப்பவர்களில் சிலருக்குச் சித்தம் கலங்குவதை வைத்தியர்கள் அறிவார்கள். ஆனால் அது வைத்தியம் கேட்கிற கெடுதி. தண்டனைக்கு நியாயம் வேண்டுமானால் இன்னொருவன் காயப்பட்டிருக்க வேண்டும். தன்னைக் கெடுத்துக்கொள்பவனை அவனுடைய நன்மைக்காகவே சிறையிலிடுவது எனக்கு விளங்கவில்லை. ஆவடிப் பக்கத்துப் பையன்கள் குறிவைப்பது ராணுவத் தொழிற்சாலை, விமானப் படை வேலைகளை. இவற்றுக்கெல்லாம் போலீஸ் சரிபார்ப்பு உண்டு. போதை ஒரு ராத்திரியில் தெளிந்துவிடும்; வழக்கு தெளிவதில்லை.

இதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிகிச்சைக்குத் தானாக முன்வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. கருணை போலத் தோன்றினாலும், மனிதனுக்கு இரண்டு வேஷங்களையே அது விட்டுவைக்கிறது: நோயாளி, அல்லது குற்றவாளி. நோயும் இல்லாமல், பிறருக்குத் தீங்கும் செய்யாமல், நாம் மெச்சாத ஒரு பழக்கத்தோடு மட்டும் இருப்பவனுக்கு அதில் இடமில்லை. சொந்த உபயோகத்துக்கான தண்டனையை நீக்கச் சொல்வது அந்தப் பழக்கத்தை மெச்சுவதாகாது. குழந்தைகளுக்கு விற்பவனைத் தண்டிக்கட்டும். மற்றவனை நாம் கண்டிக்கலாம், அவனோடு சண்டை போடலாம், அவனைத் திருத்தவும் பார்க்கலாம். அந்த வேலையைப் போலீஸ்காரனிடம் ஒப்படைத்ததில் நமக்கு மிச்சமானது சிரமம் மட்டும்தான்.