உதிரும் முடியும் துறவும்

பழனியில் முடிகாணிக்கை செலுத்தி மொட்டைத் தலையோடு இறங்கும் பெண்ணை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. அதே பெண்ணின் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வந்தால் மட்டும், "முன்வினை", "அழியும் உடம்புக்கு ஏன் இவ்வளவு கவலை" என்ற பேச்சு எழுகிறது. துறவு என்பது தானே விடுவது; பறிபோவதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது வேறு. கைம்பெண்களின் தலையை வலிந்து மழித்ததற்கும் துறவுச் சாயம்தானே பூசினார்கள்! 280ஆம் குறள், உலகம் பழிப்பதை விட்டவருக்கு மழித்தலும் வேண்டாம், சடையும் வேண்டாம் என்கிறது. அறத்தின் அளவுகோல் தலைமேல் இல்லையென்றால் முடியைக் காப்பதும் குற்றமாகாது.

வினைப்பயன் என்பவர்களுக்கும் பதில் உண்டு: வினையை நம்பிய சித்தர் மரபுதான் மருந்தும் அரைத்தது. பிரசவமாகி இரண்டு மூன்று மாதங்களில் கொட்டும் முடி பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாக வளர்ந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டு கோளாறோ காரணமானால் ரத்தப் பரிசோதனையில் தெரியும். அங்கே உதிர்வது உடம்பின் முறையீடு. அதைக் கேளாதிருப்பது வைராக்கியமல்ல, அலட்சியம். வகிடு அகன்றுகொண்டே போகும் பரம்பரை வகை சிக்கலானது. மினாக்ஸிடில் என்ற பூச்சு மருந்து பலருக்கு உதவும், நிறுத்தினால் பலனும் போய்விடும், கர்ப்பகாலத்தில் ஆகாது. வாழ்நாள் முழுதும் அதைப் பூசுவது பற்று இல்லையா என்று கேட்கலாம். பற்றுதான், மூக்குக்கண்ணாடியும் அப்படியே. எல்லாம் தெரிந்தபின் ஒருத்தி மருந்தே வேண்டாம் என்றால், அதைத் துறவு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.