தேநீரும் சீலமும்

அறம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் பெருஞ்செயல்களையே நினைக்கின்றனர். கொல்லாமை, கள்ளாமை, பொய்யாமை ஆகியவை அறம் என்பதில் ஐயமில்லை. ஆனால், காலையும் மாலையும் நம் அடுப்பில் கொதிக்கும் தேநீருக்கும் அறத்திற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால் சிலர் நகைக்கக்கூடும். தொடர்பு உண்டு என்பதே எனது துணிபு. அதனை இங்குச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

தேநீர் நம் முப்பாட்டனார் அறியாத பானம். 1830களில் ஆங்கிலேயர் அஸ்ஸாமில் தேயிலை பயிரிட்டனர். பின்னர் அது நீலகிரியிலும் ஆனைமலையிலும் பரவிற்று. இலங்கையில் 1867இல் முதல் தோட்டம் எழுந்தது. தென்னகத்திலும் இலங்கையிலும் அத்தோட்டங்களிற் கொழுந்து பறித்தவர்களில் மிகப் பலர் நம்மைப் போன்ற ஏழைத் தமிழரே. முதல் உலகப் போர்க் காலத்தில் தேயிலை முதலாளிகளின் முயற்சியால் பஞ்சாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் தேநீர்க் கடைகள் திறக்கப்பட்டன. இவ்வாறு வணிகத்தின் வழியே வந்த இப்பானத்தைப் பற்றி எந்தச் சாத்திரமும் ஒரு விதியும் எழுதவில்லை. மனுவும் இதனை அறியார்.

அங்ஙனமாயின், விதி ஏதுமின்றி வந்த பானத்திற்கு நேர்ந்தது என்ன? இரயில் நிலையங்களில் இந்துத் தேநீர் என்றும் முஸ்லிம் தேநீர் என்றும் பிரித்துக் கூவி விற்றனர். சிற்றூர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை தோன்றிற்று. ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளை. நம்மவருக்குத் தனிக் குவளை, அல்லது கொட்டாங்கச்சி. குடித்தபின் அதனை நாமே கழுவி வைக்கவும் வேண்டும். இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது: தீட்டு என்பது பொருளில் இல்லை, ஏட்டில் மட்டும் இருப்பதும் அன்று. மனத்தில் குடிகொண்ட இழிவெண்ணம் புதிய பாத்திரம் எது கிடைப்பினும் அதில் தன்னை ஊற்றிக்கொள்கிறது. எண்ணமே வினை எனப் பகவன் புத்தர் போதித்ததன் பொருளும் இதுவே.

அதே இலை ஜப்பானில் வேறொரு வழியிற் சென்றது. 1191இல் சீனத்திலிருந்து திரும்பிய ஐசாய் என்னும் பிக்கு தேயிலை விதைகளைக் கொணர்ந்தார் என்பர். 1211இல் தேநீரைப் பற்றி ஒரு நூலும் இயற்றினார். பின்னர் வந்த சென் நோ ரிக்கியூ (1522–1591) தேநீர் வழங்குதலை ஒரு மனப்பயிற்சியாகவே வகுத்தார். அவரது தேநீர்க் குடிலின் வாயில் இரண்டடிக்குச் சற்றே மிகுந்த உயரமுடையது. படைத்தலைவனாயினும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்து தவழ்ந்தே உட்புக வேண்டும். குழம்பு போன்ற கெட்டித் தேநீரை விருந்தினர் அனைவரும் ஒரே கலத்திலிருந்து மாறி மாறிப் பருகுவர். ஒரே கலம் என்பதை அன்பர்கள் கருத்திற் கொள்க. எனினும், அவர் காலத்திலேயே ஹிதெயோஷி என்னும் அதிபதி பொன்னால் இழைத்த தேநீர் அறை ஒன்றைச் செய்வித்துத் தன் செல்வத்தைப் பறைசாற்றினான். ஆகவே சடங்கு தன்னளவில் எவரையும் உயர்த்துவதில்லை. சடங்கைப் பற்றிக்கொண்டு எண்ணத்தை மறப்பதையே நம் தம்மம் 'சீலப்பத பராமாசம்' எனக் கூறித் தளைகளுள் ஒன்றாக எண்ணுகிறது.

இனி நம் இல்லத்திற்கு வருவோம். பஞ்சாலையின் நூற்புப் பிரிவில் நான் உழைத்த நாட்களில், இடைவேளையில் பெரிய கெட்டிலில் தேநீர் வரும். எந்தக் குவளை கைக்கு எட்டிற்றோ அதிற் குடித்தோம். சங்கு ஊதுமுன் குடித்து முடிக்கவேண்டும் என்பதொன்றே எங்கள் கவலை. ஆனால் அவ்வாறு சமமாய்க் குடித்த தோழர் சிலரின் வீடுகளில் வேறொரு காட்சியைக் கண்டிருக்கிறேன். முதற் குவளை கணவனுக்கு; அடுத்தது ஆண்மக்களுக்கு. தேநீர் இட்ட அம்மையாரோ, வடிகட்டியில் எஞ்சிய சக்கையில் மீண்டும் வெந்நீர் ஊற்றி, விளிம்பு உடைந்த குவளையில் அடுப்படியில் நின்றபடியே பருகுவார். குப்பை அள்ள வருபவருக்கென்று கொல்லை மாடத்தில் ஒரு தனிக் குவளை. பஞ்சசீலம் ஏற்ற இல்லங்கள் சிலவும் இதற்கு விலக்கல்ல. கடையில் வைத்தால் கொடுமை, வீட்டில் வைத்தால் வழக்கமா?

"அவள் விரும்பியே அவ்வாறு செய்கிறாள், வருந்தவில்லையே" என்று சிலர் விடை பகர்வர். கொட்டாங்கச்சியிற் குடித்த நம் பாட்டன்மாரைப் பற்றியும் ஊரார் இதையே கூறினர். ஒருவர் வாய்திறந்து வருந்தாமை நீதிக்குச் சான்று ஆகாது. நெடுங்காலப் பழக்கம் வருத்தத்தையும் ஊமையாக்கிவிடும்.

எல்லா வேறுபாடும் தீதென்று நான் சொல்லவில்லை. நீரிழிவுடைய முதியவருக்குச் சர்க்கரையில்லாத் தேநீர், குழந்தைக்குப் பால், காய்ச்சலுற்றவர் பருகிய குவளை தனியே வைக்கப்படுதல் ஆகியவை அன்பின்பாற்பட்டவை. அவ்வேறுபாடு குடிப்பவரின் நலத்திற்காக அமைந்தது. மற்றையது கொடுப்பவரின் உயர்வைக் காப்பதற்காக அமைந்தது. இவற்றைப் பிரித்தறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. பிறரைத் தன்னைப் போல் எண்ணி, 'இக்குவளையை என்னிடம் நீட்டினால் நான் மகிழ்ந்து வாங்குவேனா?' என்று கேட்டுப் பாருங்கள்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. கடைகளும் உணவு விடுதிகளும் யாவர்க்கும் பொது என்றது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டாமைக்குத் தண்டனையும் விதித்தது. அண்ணல் அம்பேத்கரின் உழைப்பால் நாம் பெற்ற உரிமை அது. அவ்வுரிமையைக் கேட்டுச் சட்டத்தோடு நாம் கடைக்குச் செல்லலாம். நம் அடுக்களைக்குள் சட்டம் வாராது. அங்குச் சீலம் ஒன்றே காவல்.

ஆதலின், உபாசகர்களே, உபாசிகைகளே! வீட்டில் எத்தனை பேரோ அத்தனைக்கும் அளந்தே நீரை வையுங்கள். ஒரு நாளேனும் ஆண்மக்கள் தேநீர் இட்டு அன்னையிடம் முதலில் நீட்டட்டும். தோட்டி என்று பிறர் தள்ளியவருக்கும் நீங்கள் பருகும் குவளையிலேயே கொடுங்கள். கொல்லை மாடத்துக் குவளையை இன்றே எடுத்துக் கழுவி, மற்றக் குவளைகளோடு சேர்த்துக் கவிழ்த்து வையுங்கள்.