வசைக்கு உரிமை கோருவோர்

2018 மே மாதம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கல்ஃப் ஷோர்ஸ் கடற்கரையில் நடந்த இசைவிழாவில், ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் ரசிகை ஒருவரை மேடைக்கு அழைத்துத் தன் பாடலைப் பாடச் சொன்னார். அவர் வெள்ளையினப் பெண். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும், 'என்' எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல் பாட்டில் பலமுறை வருகிறது. எழுதியிருந்தபடியே அவர் பாடினார். லமார் இசையை நிறுத்தினார். கூட்டம் கூச்சலிட்டது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பாட வேண்டும் என்று சொன்னதும் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார்.

எழுதியவர் லமார், விற்றவர் லமார், மேடைக்கு அழைத்தவரும் அவரே. பாடிய பெண் மட்டும் எப்படிக் குற்றவாளி ஆனார்? அவருக்கு ஒரு நீதி, இவருக்கு ஒரு நீதியா? அப்போது எழுந்த இந்தக் கேள்வியை இனவெறியர்களின் சாக்கு என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. தோலின் நிறம் பார்த்து உரிமை வழங்குவதை அலபாமா நெடுங்காலம் சட்டமாகவே வைத்திருந்தது. அதை எதிர்த்து நின்றவர்கள் கேட்டதும் எல்லாருக்கும் பொதுவான நீதியைத்தான்.

ஒரே செயலுக்கு ஒரே தீர்ப்பு என்பதுதான் பொது நீதி. ஆனால் ஒரே சொல் என்பதாலேயே ஒரே செயல் ஆகிவிடுமா? தெருமுனையில் நண்பன் 'டேய்' என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புகிறவர், காவல் நிலையத்தில் அதே 'டேய்' தன்மேல் விழும்போது கூனிக்குறுகிப் போகிறார். அங்கே உறவு பேசுகிறது, இங்கே அதிகாரம் பேசுகிறது. அமெரிக்காவில் அந்த வசை அடிமைச் சந்தையிலும் பருத்திக் காட்டிலும் ஒலித்தது. கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிட்ட கும்பல்களின் வாயிலும் ஒலித்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் தங்களுக்குள் அதையே கேலியாகவும் பாசமாகவும் புரட்டிப் போட்டுப் பேசியது அதன் நஞ்சை எடுக்கும் முயற்சி. அடித்தவர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து அதில் பங்கு கேட்டால், காதில் விழுவது பழைய அடிதான்.

அமெரிக்க நீதிமன்றத்தால் இந்த வேறுபாட்டைப் பார்க்க முடிவதில்லை. போர்ட்லாந்தில் சைமன் டாம் என்ற ஆசிய வம்சாவளி இசைக்கலைஞர் தம் குழுவுக்கு 'தி ஸ்லான்ட்ஸ்' என்று பெயர் வைத்தார். ஆசியர்களின் கண்ணமைப்பைப் பழிக்கும் வசை அது. பழித்தவர்களிடமிருந்து அதைப் பறித்துக்கொள்வதே அவர் நோக்கம். ஒரு மக்கள் பிரிவை இழிவுபடுத்தும் பெயர் என்று சொல்லி வணிகச்சின்ன அலுவலகம் பதிவுசெய்ய மறுத்தது. 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடைப் பிரிவே பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. டாம் வென்றார். அதே தீர்ப்பின் நிழலில், பூர்வகுடிகள் பல்லாண்டுகளாக எதிர்த்துவந்த 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற வாஷிங்டன் அமெரிக்கக் கால்பந்து அணியின் பெயரும் தப்பியது. 2014-இல் ரத்துசெய்யப்பட்ட அதன் வணிகச்சின்னங்கள் மீண்டும் உயிர்பெற்றன. காயம்பட்டவருக்கும் காயப்படுத்தியவருக்கும் ஒரே கதவு திறந்தது. 2020-இல் அந்தப் பெயர் போனது நீதிமன்றத்தால் அன்று. கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டபின் எழுந்த கொந்தளிப்பில், ஃபெடெக்ஸ் போன்ற புரவலர் நிறுவனங்கள் நெருக்கியதால் உரிமையாளர் பணிந்தார்.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போகிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் அம்மக்களைப் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லி வசைபாடுவதைக் குற்றமாக்குகிறது. பேசியவர் யார் என்பதே அங்கே முதல் கேள்வி. சாதி வசை மேலிருந்து கீழாகவே ஆயுதமாகிறது என்பதை அறிந்த சட்டம் அது. அதை ஓரவஞ்சனை என்று குறைகூறுவோர் வரலாற்றை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

ஆனால் உரிமை இருக்கிறது என்பதாலேயே அதைப் பயன்படுத்துவது சரியாகிவிடாது. கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் 1974-இல் அந்த 'என்' சொல்லையே தலைப்பில் வைத்து வெளியிட்ட இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. 1979-இல் கென்யா சென்றுவந்தவர் அதன்பின் அந்தச் சொல்லைக் கைவிட்டார். பிற்பாடு மேடையில் அதற்கான காரணத்தையும் சொன்னார். 2007-இல் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பினத்தவர் உரிமை அமைப்பு டெட்ராய்ட் நகரில் அந்தச் சொல்லுக்குச் சவ ஊர்வலமே நடத்திப் புதைத்தது. இது அவர்கள் வீட்டு வழக்கு. அதில் வெளியார் கேட்கலாம், கற்கலாம். தமக்கு வசதியான தரப்பை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளக் கூடாது.

சொல்லைச் சரக்காக்கி உலகெங்கும் விற்கிறவருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. காசு வாங்கிக்கொண்டு மனப்பாடம் செய்ய வைத்த வரியை, ஆயிரக்கணக்கானோர் நடுவே ஒருவரைப் பாட அழைத்துவிட்டு, பாடியதும் தலைகுனிய வைத்தது லமாரின் தவறு. அந்தப் பெண் செய்ததும் தவறுதான், ஆனால் சிறிய தவறு. பாடலை விற்று லாபம் பார்த்த இசை நிறுவனத்தின் மேல் ஒரு கேள்வியும் விழவில்லை.

உண்மையான இரட்டை நீதி, பலமுள்ளவர் பேசும்போது தெரியவருகிறது. 2021 பிப்ரவரியில் நாட்டுப்புற இசைப் பாடகர் மார்கன் வாலன் அதே வசையைச் சொன்ன காணொளி வெளியானது. வானொலிகள் அவர் பாடல்களை நிறுத்தின. விற்பனையோ ஏறியது, பில்போர்ட் இசை இதழின் ஆண்டுப் பட்டியலில் அவர் தொகுப்பே முதலிடம் பிடித்தது. 2007 ஏப்ரலில் வானொலித் தொகுப்பாளர் டான் ஐமஸ், தேசிய இறுதிப் போட்டிவரை வந்திருந்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கறுப்பின வீராங்கனைகளை முடியையும் ஒழுக்கத்தையும் சேர்த்துப் பழித்தார். வேலை போனது, டிசம்பரிலேயே வேறொரு வானொலியில் அமர்ந்துவிட்டார். அத்தகைய பேச்சு கறுப்பின மக்களிடமிருந்தே, ராப் பாடல்களிலிருந்தே வந்தது என்பது அவர் தரப்பின் வாதம். அந்தப் பெண்கள் ராப் பாடியதில்லை, பந்து விளையாடியவர்கள். யாரோ எழுதிய பாட்டுக்கு அவர்களைப் பொறுப்பாக்க, அவர்களின் நிறத்தைத் தவிர வேறெதுவும் அந்த வாதத்தில் இல்லை.