முதல் தீராத கடனும் முதுமையும்

கடனின் முதல் தீராத வீட்டைத் தம்முடையது என்று கூறுதல் தகுமோ? ஓய்வுக் காலத்தை நெருங்கும் இல்லறத்தார் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது. பிரிட்டனில் வழங்கும் ஒருவகை அடமானக் கடன் இவ்வினாவைத் தெளிவுற உணர்த்தும்.

அக்கடனில் மாதந்தோறும் வட்டி மட்டுமே செலுத்துவர். முதலைக் கெடு முடியும் நாளில் ஒரே தொகையாகத் திருப்பித் தருதல் வேண்டும். ஒருவர் 1,00,000 பவுனை 5 சதவீத வட்டிக்கு 25 ஆண்டுகட்குப் பெற்றார் எனக் கொள்வோம். 1,25,000 பவுன் வட்டி செலுத்திய பின்னரும் முதல் குறையாது அவ்வாறே நிற்கும்.

1980களில் இக்கடனைப் பெற்றோர் பலர், முதலைத் தீர்ப்பதற்கென எண்டோமென்ட் என்னும் சேமிப்புக் காப்பீட்டில் பணம் கட்டி வந்தனர். அது எதிர்பார்த்த அளவு வளரவில்லை. அதன் இடரை அறிவிக்காமலே விற்றோரும் உண்டு. ஆகவே பிழை முழுவதும் கடன் பெற்றோருடையதன்று. இவ்வகைக் கடன்கள் 26 இலட்சம் அடுத்த 30 ஆண்டுகளில் கெடு முடிவன என்றும், ஏறத்தாழப் பாதியில் பற்றாக்குறை நேரலாம் என்றும் அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் 2013இல் மதிப்பிட்டது.

இந்நிலையில் வழிகள் இரண்டு. வட்டியை இறுதிவரை செலுத்தி, இறந்த பின்னரோ, நிலையாக முதியோர் இல்லம் புகும்போதோ வீட்டை விற்று முதலைத் தீர்ப்பது ஒன்று. இதற்கான கடன்முறை 2018இல் எளிதாக்கப்பட்டது. ஆயின் வட்டி நிலையானதன்று. இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம் 2021 நவம்பரில் 0.1 சதவீதம்; 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதம். மேலும், இருவர் ஓய்வூதியத்தால் செலுத்திய வட்டியை ஒருவர் மறைந்தபின் மற்றவர் தனித்துச் சுமக்க நேரும்.

பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டிற்குச் செல்லுதல் மற்றொன்று. 3,00,000 பவுனுக்கு விற்றால் கடன் போக 2,00,000 எஞ்சும். தரகு, வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி ஆகியவற்றையும் கழித்தே புதுவீட்டின் விலையை வரையறுத்தல் வேண்டும்.

“பிள்ளைகள் வளர்ந்த வீட்டை அவர்கட்கே விட்டுச் செல்ல வேண்டாமா?” என்பர் சிலர். விட்டுச் செல்வது வீட்டை மட்டுமன்று, கடனையும் சேர்த்தே. துயர நாட்களில் அவர்களே அதை விற்றுத் தீர்க்க வேண்டியிருக்கும். இதனை அவர்களிடம் மறைத்தல் பொய்யாமைக்கு இழுக்கு அன்றோ?

மிகுபொருள் விரும்பாமை இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. அவ்வரையறையைத் தாமே வகுத்துக்கொள்வதே விரதம். கடன் கொடுத்தவர் வீட்டைக் கைப்பற்றிய பின் சிறுவீட்டில் வாழ்தல் விரதமாகாது, அது இழப்பே. பூட்டிக் கிடக்கும் அறைகளுக்காக முதுமையில் வட்டி சுமப்பதும் தேவையின்பாற்படாது, பற்றின்பாற்படும்.

எனினும், எல்லோரும் இடம்பெயர வேண்டும் என்பதில்லை. வீடு அளவானதாய், மருத்துவரும் உற்றாரும் அருகிருக்க, ஒருவர் வருவாயே வட்டிக்குப் போதுமாயின், அங்கேயே தங்குதலில் குற்றமில்லை. துணைவரும் மக்களும் அக்கணக்கை அறிந்திருத்தல் மட்டும் இன்றியமையாதது.

ஆதலின், கெடுவிற்குச் சில ஆண்டுகள் முன்னரே நிலுவை, சேமிப்பு, வீட்டு மதிப்பு மூன்றையும் எழுதிக் குடும்பத்தார் முன் வைத்தல் நன்று. உடலும் அறிவும் உறுதியாயிருக்கும்போது முடிவு செய்தல் எளிது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தபின் எஞ்சுவது சிறிதாயினும், அதனைத் தம்முடையது என்று தயக்கமின்றிக் கூறலாம்.