உயிர்க் கணக்கு

உயிர்களுக்குக் கணக்கு வைப்பவன் ஒருவன் உண்டென்று நம் முன்னோர் நம்பி, அவனுக்குச் சித்திரகுப்தன் என்று பெயரிட்டு, காஞ்சீபுரத்தில் கோயிலும் கட்டி, கையில் எழுத்தாணியும் ஏடும் கொடுத்து உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவன் எழுதுவது ஜீவன் செய்த பாவ புண்ணியங்களையே அன்றி, ஜீவன் எதனால் ஆயிற்று என்பதை அல்ல. அந்த இரண்டாவது கணக்கை எழுதும் உத்தியோகத்துக்கு என் பேத்தி படிக்கப் போயிருக்கிறாள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணக்கீட்டு உயிரியல் என்னும் புதிய சாஸ்திரத்தில், இளங்கலையையும் முதுகலையையும் ஒரே மூச்சில் சேர்த்துப் படித்து முடிப்பதென்று ஏற்பாடு. இந்தத் துறை அங்கே உயிரியலாருடைய ஆளுகையில் இல்லை. கணினி அறிவியல் பள்ளிக்கு உட்பட்டது. முதுகலைப் படிப்பை மட்டும் உயிரியல் துறையோடு கூட்டாக நடத்துகிறார்கள். பிறந்த வீடு கணினி, புகுந்த வீடு உயிரியல் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் எப்படிப்பட்டது, ஒன்றாய் இருப்பதா, வேறாய் இருப்பதா, உடனாய் இருப்பதா என்று சைவ சித்தாந்திகள் இறைவனையும் ஆன்மாவையும் பற்றிக் கேட்கும் கேள்வியை நான் இந்தப் பட்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சென்ற விடுமுறைக்கு அவள் வந்தபோது, "கணக்கிலே உயிர் அகப்படுமா?" என்றேன். அவள் பதில் சொல்லாமல் திரையைத் திருப்பிக் காட்டினாள். அடினைன், சைட்டோசின், குவானின், தைமின் என்ற நான்கு இரசாயனப் பொருள்களின் முதலெழுத்துக்கள், மூச்சு விடாமல், இடைவெளியில்லாமல், புள்ளியுமில்லாமல் ஓடின. மனிதனுடைய மரபணுத் தொகுதி ஒன்றை எழுதி முடிக்க இப்படிச் சுமார் 310 கோடி எழுத்துக்கள் வேண்டுமாம். எழுத்து வரிசைக்கே நெடுங்கணக்கு என்று பேர் வைத்து, அதிலும் எழுத்துக்களை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்து, மெய் தானாக இயங்காது, உயிர் வந்து ஏறினால்தான் இயங்கும் என்று வகுத்த பாஷையில் பிறந்தவன், இந்த நாலெழுத்து நெடுங்கணக்கைக் கண்டதும், இதில் உயிரெழுத்து எங்கே என்றுதான் தேடுவான். (இங்கிலீஷில் 'ஏ' உயிரெழுத்துத்தானே, தாத்தா, என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.)

என் சந்தேகம் வெறும் சொல் விளையாட்டு அன்று. ஒருவர் காலமாகிறார், காலமாவதற்கு ஒரு நிமிஷம் முன்பு அவர் உடம்பில் இருந்த அதே எழுத்துக்கள், அதே வரிசையில், ஒரு நிமிஷம் பின்பும் இருக்கின்றன. சைபீரியாவின் உறைநிலத்தில் புதைந்து கிடந்த மாமத யானையின் பல்லிலிருந்து, பத்து லக்ஷம் ஆண்டுகளுக்கும் முந்திய எழுத்துக்களை 2021-ஆம் ஆண்டில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். எழுத்து அத்தனை காலம் தாங்குகிறது, யானை தாங்கவில்லை. இலையைத் தின்று ஊர்ந்த கம்பளிப் புழுவுக்கும், பின்பு தேனை நாடிப் பறக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஏடு ஒன்றே. நம் கண்ணுக்கும் கல்லீரலுக்கும்கூட அப்படியே. ஆகையால் ஏடு வேறு, ஏட்டை வாசிக்கும் சைதன்யம் வேறு என்று நான் வெற்றிப் பெருமிதத்தோடு முடித்தேன்.

அவள் விடவில்லை. அவள் எடுத்துக்காட்டியது 2010-இல் அமெரிக்காவில் கிரெய்க் வென்டர் என்பவரின் கூட்டத்தார் செய்த பரீட்சை. ஆடுகளைத் தாக்கும் ஒரு நுண்ணுயிரின் ஏட்டைக் கணினியில் கோப்பாக வைத்து, அந்தக் கோப்பைப் பார்த்து ஏறக்குறைய 10.8 லக்ஷம் எழுத்துக்களை இரசாயன முறையில் துண்டு துண்டாகச் செய்து, ஒன்றாக இணைத்து, வேறோர் இனத்து நுண்ணுயிரின் உடலுக்குள் புகுத்தினார்கள். சில தலைமுறைகளில் அந்த உடல் தன் பழைய இயல்பையெல்லாம் விட்டு, புகுந்த ஏட்டின் ஆளாகவே மாறிவிட்டது. இந்த ஜீவனுக்குத் தாய் ஒரு கணினி என்று வென்டர் பெருமை பேசினார். திருமூலர் மாடு மேய்க்கும் மூலனுடைய உடலில் புகுந்த கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது அவ்வளவு அதிசயமாக இல்லை. ஆனால் தலைகீழாக இருந்தது. அங்கே கூடு செத்துக் கிடந்தது, புகுந்தது உயிர். இங்கே கூடு உயிரோடு இருந்தது, புகுந்தது ஏடு. மேலும் விசாரித்ததில், அந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டு முழு ஏடாக்கும் வேலையையும் மனிதர் கையால் செய்யாமல், ஈஸ்ட் என்ற உயிருள்ள பூஞ்சையின் வயிற்றுக்குள் அனுப்பித்தான் செய்து வாங்கினார்கள் என்று தெரிந்தது. தாய் கணினியாக இருக்கட்டும். மருத்துவச்சியும் செவிலியும் உயிருள்ளவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

இப்படிச் சொல்வதனால் பூதவாதியை எளிதில் ஒதுக்கிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. மணிமேகலைக் காலத்திலேயே அவன் எழுந்து நின்று, பூவும் வெல்லமும் சேர்ந்து புளித்தால் இரண்டிலும் இல்லாத மயக்கம் பிறப்பதுபோல, பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது என்று வாதித்தான். அதே வென்டர் கூட்டத்தார் 2016-இல், உயிர் தரிப்பதற்கு இன்றியமையாதவை மட்டும் இருக்கட்டும் என்று ஏட்டைக் குறைத்துக் குறைத்து, 5,31,000 எழுத்துக்களும் 473 மரபணுக்களும் கொண்ட ஓர் உயிரணுவைச் செய்தது பூதவாதியின் கட்சிக்கு நல்ல பலம். ஆனால் அந்த 473-இல் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்று அதைச் செய்தவர்களுக்கே அப்போது தெரியவில்லை. எடுத்தால் ஜீவன் போய்விடுகிறது அல்லது நலிகிறது. ஏன் என்று தெரியாது. கூட்டிப் பார்த்துக் கட்டிய வீட்டில் மூன்றில் ஒரு பங்குக் கல் எதற்கென்று கொத்தனாருக்கே தெரியாத நிலைமை அது. இதை ஆத்மவாதியின் வெற்றி என்று நான் கொண்டாடமாட்டேன். இன்று தெரியாதது நாளை தெரியலாம். தெரியாமையில் ஈசுவரனைக் குடியேற்றினால், தெரியும் நாளில் அவனைக் காலி செய்யச் சொல்ல வேண்டியிருக்கும்.

கணக்குக்கு உயிரைப் பற்றி என்னதான் சொல்லும் அதிகாரம் உண்டு என்பதை எனக்குத் தெளிவாக்கியது பிட்ஸ்பர்க் அன்று, கிண்டி. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்த ஜி. என். ராமச்சந்திரன், அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மாதிரிகளை வாங்கி, தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று புரிகள் சேர்ந்த கயிறு என்று 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் எழுதினார். அணுக்கள் அத்தனை நெருங்கி இருக்க முடியுமா என்று வெளிநாட்டார் ஆட்சேபிக்க, முடியுமா முடியாதா என்பதையே ஒரு தரம் கணக்குப் போட்டுத் தீர்த்துவிடுவது என்று அவர் துணிந்தார். புரதம் ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியையும் இரண்டு இடங்களில் திருகலாம். அந்த இரண்டு கோணங்களும் எந்தெந்த அளவில் இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நிற்கும் என்பதை, மேசைமேல் வைக்கும் சிறு கணக்கு யந்திரங்களைக் கொண்டு, சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் அவரும் கணக்கிட்டு 1963-இல் வெளியிட்ட படத்துக்கு உலகம் முழுவதும் ராமச்சந்திரன் படம் என்று பேர். இந்தச் சாஸ்திரத்துக்குப் பட்டமும் வகுப்பும் ஏற்படுவதற்கு முன்பே அது கிண்டியில் பிறந்து தவழ்ந்தது என்று சொன்னால் அது ஊர்ப் பெருமை மட்டும் ஆகாது.

அந்தப் படத்தை என் பேத்தியின் பாடப் புத்தகத்தில் பார்த்தேன். ஒரு சதுரம், அதில் பெரும் பகுதி கூடாத இடம், இரண்டு மூன்று சிறு தீவுகள் மட்டும் கூடும் இடம். தீவுக்குள் எந்தப் புள்ளியில் இந்தப் புரதம் இன்று நிற்கிறது என்று படம் சொல்லாது. வெளியில் நிற்காது என்று மட்டும் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லும். உபநிஷத்து ரிஷி பிரம்மத்தை இதுவன்று, இதுவன்று என்று நீக்கிக்கொண்டே போனது எனக்கு நினைவு வந்தது. கணக்கின் குரல் ஓங்கி ஒலிப்பது 'கூடாது' என்று சொல்லுமிடத்தில். 'கூடும்' என்னுமிடத்தில் அது தாழ்ந்துவிடுகிறது. 'இருக்கிறது' என்று சொல்ல அதற்கு வாயே இல்லை. ராமச்சந்திரன் தாமே தம் பிற்காலத்தில் ஜைனர்களுடைய ஸ்யாத்வாதத்தில், அதாவது ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் சொல்லொணாது என்று ஏழாக விரியும் தர்க்கத்தில் மனம் வைத்து, அதற்குப் பீஜகணித உருவம் கொடுக்க முயன்றார் என்பதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. கூடும் கூடாது என்பவற்றின் எல்லையில் ஆயுள் முழுவதும் நடந்தவருக்கு 'ஸ்யாத்' என்ற சொல் இனித்திருக்கும்.

இப்போது ஆல்ஃபாஃபோல்ட் என்ற யந்திரம், புரதத்தின் கண்ணிகளை எழுத்து வரிசையாகக் கொடுத்தால் அதன் உருவத்தைச் சொல்லிவிடுகிறது. 2020-இல் அது காட்டிய திறமைக்காக 2024-ஆம் ஆண்டு இரசாயன நோபல் பரிசில் ஒரு பாதி கிடைத்தது. அதிலும் ஸ்யாத் ஒளிந்திருக்கிறது: தான் சொல்லும் ஒவ்வொரு பகுதிக்கும், நூற்றுக்கு இத்தனை நம்பலாம் என்று அதுவே மதிப்பெண் போட்டுக் கொடுக்கிறது. நம் பண்டிதர்களில் பலருக்கு இந்த அடக்கம் வாய்த்ததில்லை. நையாயிகர் கண்ணால் பார்த்தால் இதை அனுமானப் பிரமாணம் என்பர். புகையோடு நெருப்பை முன்பு அடுக்களையில் பார்த்தவன்தான் மலையில் புகை கண்டு நெருப்பை அனுமானிக்க முடியும். இந்த யந்திரத்துக்கும் ஓர் அடுக்களை உண்டு. ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது வருஷமாகப் புரதங்களைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரில் காட்டி, ஒவ்வொன்றாகச் சேமித்த உருவங்களைப் பார்த்துத்தான் அது பழகியது. அந்தப் புரதங்களோ ஏதோ ஓர் உயிருள்ள பொருளிலிருந்து வந்தவை.

பேத்தி ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், எங்களுக்கு ரொட்டி செய்து கொடுப்பதாகச் சொல்லி, அலமாரியில் மூலையில் கிடந்த உலர்ந்த ஈஸ்ட் பொட்டலத்தைத் தேடி எடுத்தாள். மேலே அச்சிட்டிருந்த தேதி கடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. "இதற்கு உயிர் இருக்கிறதா?" என்றேன். ஈஸ்டின் ஏடு முழுவதையும் 1996-லேயே படித்தாகிவிட்டது, சுமார் 1.2 கோடி எழுத்து, ஏறக்குறைய 6,000 மரபணு என்று அவள் ஒப்பித்தாள். "அது சரி, அம்மா, இந்தப் பொட்டலத்துக்கு?" என்றேன். அவள் பொட்டலத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணத்தில் கொண்டுவரச் சொன்னாள். அதில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டு, பொடியைத் தூவி, பத்து நிமிஷம் பொறு, தாத்தா என்றாள். இருவரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.