சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும்

ஹெட் கேஸ்கெட் என்பது ஓட்டுகிறவர் கண்ணில் ஒருநாளும் படாத பொருள். என்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே அழுந்திக் கிடக்கும் மெல்லிய தகடு. ஒரு பக்கம் பெட்ரோல் எரிகிற நெருப்பு, ஒரு பக்கம் ஆயில், இன்னொரு பக்கம் குளிர்விக்கிற தண்ணீர். மூன்றும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அப்பாவின் இருபது வருடத்துக் காரில் அது போய்விட்டது.

தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஆனால் காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும். வண்டி சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. வண்ணார்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை போய்ச் சேர்வதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிடும். மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கெட்டி மோர் போல வெளுத்து ஒட்டியிருந்தது.

"தண்ணி ஆயில்ல இறங்கிட்டு தம்பி. ஹெட்டைக் கழட்டி, லேத்துல குடுத்து ஃபேசிங் பண்ணி, புது கேஸ்கெட் போடணும். இருபதாயிரம் ஆயிரும். எப்படியும் விக்கத்தான போறீய? ஒரு பாட்டில் வாங்கி ரேடியேட்டர்ல ஊத்துங்க. ஆறு மாசம் தாங்கும்."

"வாங்குறவன்கிட்ட என்ன அண்ணாச்சி சொல்ல?"

"அவன் கேக்கப் போறதில்ல. நாம பொய்யா சொல்லுதோம்? சும்மா இருக்கோம், அவ்வளவுதான்."

பாட்டிலை வாங்கிவிட்டேன். விற்கிற பணம் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு. அதனால் வாங்கும்போது பெரிதாக உறுத்தவில்லை.

இந்தமாதிரி பாட்டில்கள் பலவற்றில் இருப்பது சோடியம் சிலிக்கேட். சூடு பட்டால் கண்ணாடிபோல இறுகி ஓட்டையை அடைக்கும். 2009இல் அமெரிக்க அரசு, பழைய காரைக் கொடுத்துப் புதிது வாங்குவோருக்கு மானியம் தந்தது. அந்தப் பழைய வண்டிகள் மறுபடி ரோட்டுக்கு வந்துவிடக் கூடாதென்று, ஆயிலை வடித்துவிட்டு என்ஜினுக்குள் ஊற்றியதும் இதைத்தான். சற்று நேரம் ஓடவிட்டால் என்ஜின் இறுகிச் செத்துப்போகும்.

மெக்கானிக் சொன்ன நியாயம் புதியதில்லை. கி.மு. 44இல் சிசரோ தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' நூலில் இதே வழக்கு வருகிறது. ஒருவன் வீட்டை விற்கிறான். மரவேலை மோசம், படுக்கையறைகளில் பாம்பு வருகிறது. அவனுக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்கிற குறைகளைச் சொன்னால் போதும், சொல்லாமல் இருப்பது வேறு மறைப்பது வேறு என்பது பாபிலோனைச் சேர்ந்த டயோஜனிஸின் கட்சி. 'நோய் பிடித்த வீடு விற்பனைக்கு' என்று எவனாவது ஏலம் கூவுவானா என்றும் கேட்கிறார். சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம்.

நம் சட்டம் பாதி வழியில் நிற்கிறது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. வெறுமனே பேசாமல் இருப்பதை, பொதுவாக, அப்படிச் சொல்வதில்லை. அதற்கு ஒரு குதிரை உதாரணம். நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் வாயைத் திறக்காவிட்டால் மோசடி ஆகாது.

இந்தக் கணக்கில் மெக்கானிக் தோற்றுவிடுகிறார். பாட்டில் ஊற்றாத கார் தானே பேசும். புகை, வெளுத்த ஆயில், ஏறுகிற முள் எல்லாம் பார்க்கத் தெரிந்தவனுக்குத் தகவல். ஊற்றிவிட்டால் காரின் வாயை அடைத்தாயிற்று. எனக்காக அந்த முள் பொய் சொல்லும்.

சரி, ஊற்றாமலும் சொல்லாமலும் விற்றால்? அங்கேதான் அதே பிரிவின் அடுத்த உதாரணம் என்னைப் பிடித்தது. குதிரையை வாங்குவது அப்போதுதான் மேஜரான சொந்த மகள் என்றால், குறையைச் சொல்வது தகப்பனின் கடமை. உறவு வந்ததும் மௌனம் குற்றமாகிவிடுகிறது.

கார் பார்க்க வரவிருந்தவர் விக்கிரமசிங்கபுரத்துப் பையன். ஆடி அமாவாசைக்கு வீட்டோடு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகணும் என்று போனில் சொல்லியிருந்தான். பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறுகிற மலைப்பாதை. இளகிப்போன கேஸ்கெட் கைவிடுவது அப்படி என்ஜின் திணறுகிற ஏற்றத்தில்தான். போனில் அவனுக்கு நான் அண்ணாச்சி. எனக்கு அவன் தம்பி.

நெல்லையில் இதெல்லாம் ஒரு உறவா என்று கேட்கலாம். டீக்கடையில், பஸ்ஸில், முகம் தெரியாதவரும் அண்ணாச்சிதான். தேய்ந்துபோன சொல், அதன்மேல் கடமையை ஏற்ற முடியாது. ஆனால் விலை பேசும்போது நான் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லவில்லை. "தம்பி, உனக்காகத்தான் இந்த விலை" என்றேன். அவன் நம்புவதற்காகச் சொன்னேன். உறவு தரும் நம்பிக்கையை வாங்கிக்கொண்டு, உறவு கேட்கிற உண்மையை மட்டும் தராமல் இருப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை வந்தான். சொன்னேன். ஆயில் மூடியையும் திறந்து காட்டினேன். "நல்லவேளை சொன்னீய அண்ணாச்சி" என்றான். இருபதாயிரம் குறைத்துக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த வாரமே வேறு யாரிடமோ கார் வாங்கிவிட்டதாகத் தெரிந்தது. அதில் என்ன ஊற்றியிருந்தார்களோ. நான் சொன்ன உண்மை அவனை மலைப்பாதையில் காப்பாற்றியதா என்று எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. அப்பாவின் ஆபரேஷன் இரண்டு மாதம் தள்ளிப்போனது மட்டும் தெரியும்.

மூடி திறக்காத பாட்டிலைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். "ஏன், வண்டி சரியாயிட்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.